பருவும் பராமரிப்பும்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒருவரின் முகத்தில் முதன்முதலாகச் சிறு கட்டி ஒன்று தோன்றினால், அதற்கு உடனே இரண்டு பெயர்கள் கிடைத்துவிடும். வீட்டில் அது ‘பரு’. வகுப்பறையில் அது ‘முஹாசா’. தமிழ்ச்சொல் ‘பருத்தல்’ என்னும் வினையோடு உறவுடையது. வீங்குதல், பெரிதாதல் என்பது அவ்வினையின் பொருள். இந்தி பேசுவோர் ‘கீல்-முஹாசே’ என்று இணைச்சொல்லாகவும் வழங்குவர். அம்மொழியில் ‘கீல்’ என்பது ஆணியைக் குறிக்கும். தோலுக்குள் அறையப்பட்ட ஆணிபோல ஒரு முளை சிக்கியிருப்பதை அச்சொல் காட்டுகிறது. தமிழ் வெளியே தெரியும் வீக்கத்தைக் கண்டு பெயரிட்டது. இந்தி உள்ளே இருக்கும் அடைப்பைக் கண்டு பெயரிட்டது எனலாம். மருத்துவ அறிவியல் சொல்வதும் ஏறத்தாழ இந்த இரண்டையும்தான்.

பெயர்களோடு அறிவுரைகளும் வந்து சேரும். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் பாட்டி கஸ்தூரி மஞ்சளைச் சொல்வார். பக்கத்து வீட்டார் முல்தானி மிட்டியைக் குழைத்துப் பூசச் சொல்வர். வகுப்புத் தோழி பற்பசையைப் பரிந்துரைப்பாள். தெருமுனை மருந்துக்கடைக்காரர் கேட்டவுடன் ஒரு களிம்பை எடுத்துத் தருவார். இவற்றுள் சில பயனற்றவை. சில எரிச்சல் தருபவை. ஒன்று மட்டும் முகத்தையே கெடுக்க வல்லது. அது எது என்பதை அறிய, பரு எப்படி உண்டாகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மயிர்க்காலுக்குள் நடப்பது

உள்ளங்கை, உள்ளங்கால் போன்ற சில இடங்கள் நீங்கலாக உடல் முழுவதும் தோலில் மயிர்க்கால்கள் உள்ளன. ஒவ்வொரு மயிர்க்காலையும் ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பி அமைந்திருக்கிறது. இச்சுரப்பி எண்ணெயை உண்டாக்கும் முறை விந்தையானது. அதன் செல்கள் கொழுப்பை நிரப்பிக்கொண்டு பருத்து, இறுதியில் தாமே உடைந்து எண்ணெயாகிவிடுகின்றன. அவ்வெண்ணெய் மயிர்க்காலின் வழியே மேலேறித் தோலையும் முடியையும் மென்மையாக வைத்திருக்கும். முகம், மார்பு, முதுகின் மேற்பகுதி ஆகிய இடங்களில் இச்சுரப்பிகள் பெரியனவாகவும் நெருக்கமாகவும் உள்ளன. பரு அந்த இடங்களையே தேடி வருவதற்குக் காரணம் இதுதான்.

குழந்தைப் பருவத்தில் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் இச்சுரப்பிகள் வளரிளம் பருவத்தில் விழித்துக்கொள்கின்றன. ‘ஆண்ட்ரோஜன்’ என்னும் ஹார்மோன்கள் அவற்றை எழுப்புகின்றன. இவை ஆண்களுக்கு மட்டும் உரியவை என்று பலர் எண்ணுகின்றனர். பெண்களின் உடலிலும் இவை சுரக்கின்றன, அளவுதான் வேறுபடும். பெண்பிள்ளைகளுக்குப் பரு சற்று முன்னதாகவே தொடங்கிவிடுவதும், மாதவிடாய்க்குச் சில நாள் முன்பு மிகுவதும் ஹார்மோன் மாற்றங்களால்தான். பெற்றோருக்கு இளமையில் பரு மிகுதியாக இருந்திருந்தால் பிள்ளைக்கும் அவ்வாறு வரும் வாய்ப்பு அதிகம்.

எண்ணெய் மிகுந்தால் மட்டும் பரு வந்துவிடாது. மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து இறந்த செல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து எண்ணெயோடு வெளியேறுவது இயல்பு. பரு வரும் தோலில் அவை உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயும் செல்களும் சேர்ந்து ஒரு முளையாகி வழியை அடைத்துவிடும். துளையின் வாய் மூடியிருந்தால் அது வெண்புள்ளி. திறந்திருந்தால் கரும்புள்ளி. கரும்புள்ளியின் கருமை அழுக்கினால் வருவது என்பது பெரும்பாலோர் நம்பிக்கை. உண்மையில் அது தோலுக்கு நிறம் தரும் மெலனின் நிறமியும், காற்றுப்பட்டு மாறிய கொழுப்பும் சேர்ந்த கருமையாகும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கரும்புள்ளி போகாததன் காரணம் இப்போது விளங்கும்.

அடைப்புக்குள் காற்றுப் புகாது. எண்ணெயோ நிறைய உண்டு. ‘குட்டிபாக்டீரியம் ஆக்னஸ்’ என்னும் பாக்டீரியாவுக்கு இது மிகவும் உகந்த இடம். 2016ஆம் ஆண்டுவரை இதன் பெயர் ‘புரோப்பியோனிபாக்டீரியம் ஆக்னஸ்’ என்றிருந்தது. பழைய நூல்களில் அப்பெயரைக் காணலாம். பரு இல்லாத முகத்திலும் இது குடியிருக்கிறது. ஆகவே பருவை ஒட்டுவாரொட்டி என்று அஞ்சி, பரு உள்ளவர் அருகில் அமரத் தயங்குவது பொருளற்றது. அடைப்புக்குள் இந்தப் பாக்டீரியாக்கள் பெருகும்போது உடலின் எதிர்ப்பாற்றல் போருக்கு வருகிறது. அதனால் சிவப்பு, வீக்கம், வலி, சீழ் ஆகியன உண்டாகின்றன. மயிர்க்காலின் சுவர் உள்ளுக்குள்ளேயே உடைந்துவிட்டால் அழற்சி ஆழத்தில் பரவிப் பெரிய கட்டியாகும். தழும்பு விட்டுச் செல்வது பெரும்பாலும் இவ்வகைக் கட்டியே.

12 வயது முதல் 24 வயது வரை உள்ளோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓர் அளவில் பரு வருகிறது. நாற்பது பேர் கொண்ட ஒரு மேல்வகுப்பில் பரு வராமல் தப்புவோரை இரு கை விரல்களால் எண்ணிவிடலாம்.

கழுவுதலும் பூசுதலும்

அழுக்கினால் பரு வருவதில்லை என்றால் முகம் கழுவுவது எதற்கு? மேற்பரப்பில் தங்கும் எண்ணெய், வியர்வை, புகைத்தூசி ஆகியவற்றை நீக்குவதற்கு. அதற்கு நாளொன்றுக்கு இருமுறை போதும். விளையாடி வியர்த்த பின் இன்னொரு முறை கழுவலாம். மென்மையான முகக் கழுவியைக் கையால் தடவி, வெதுவெதுப்பான நீரில் அலசி, துண்டால் ஒற்றி எடுத்தால் ஆயிற்று. நார் கொண்டும் சொரசொரப்பான பொடி கொண்டும் தேய்த்தால் அழற்சியுற்ற தோல் மேலும் புண்படும். ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடுகளில் வேறொரு சிக்கலும் உண்டு. அந்நீர் பெரும்பாலும் கடினநீராக இருப்பதால் சோப்பு எளிதில் நுரைக்காது. நுரை வரும்வரை தேய்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம் முகத்தை வறளச் செய்துவிடும்.

முல்தானி மிட்டி என்பது களிமண். மேலே படிந்த எண்ணெயைச் சில மணி நேரத்திற்கு அது உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே இருக்கும் முளையை அதனால் எட்ட முடியாது. வட இந்தியக் குளிர்காலத்தில், காற்றே தோலை உலர்த்தும் நாள்களில், அதைப் பூசுவது வறட்சியை மிகுவிக்கும். கஸ்தூரி மஞ்சளால் பலருக்குப் பெருந்தீங்கில்லை. ஆயினும் அடைப்பை அது திறக்காது. எலுமிச்சைச் சாறு அமிலம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் புண்ணாகிக் கருத்துப்போகும். பற்பசை பற்களுக்காகச் செய்யப்பட்டது. முகத்தில் அது எரிச்சலையே தரும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு செய்தி உண்டு. அது தேங்காய் எண்ணெய் பற்றியது. ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறைந்துவிடும். எனவே சனவரி மாதத்துத் தில்லியில் எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைப்பதும் சுடுநீரில் நிறுத்துவதும் பல தமிழ் வீடுகளின் காலைக் காட்சி. அவ்வாறு உருக்கித் தலையில் தேய்த்த எண்ணெய் நெற்றிக்கும் கன்னத்தோரத்திற்கும் வழிந்து துளைகளை அடைக்கிறது. அமெரிக்க மருத்துவர்கள் 1970ஆம் ஆண்டிலேயே தலைப்பூச்சு நெய்யினால் நெற்றியில் வரும் பருவைத் தனியாகப் பிரித்து விளக்கியுள்ளனர். இதற்காக எண்ணெயைக் கைவிட வேண்டியதில்லை. நெற்றியோரத்தை விட்டுவிட்டுக் கூந்தலின் நீளத்தில் தடவலாம். எண்ணெயோடு படுத்துறங்காமல் தலையை அலசிவிடலாம். தலையணை உறையை அடிக்கடி மாற்றலாம். எண்ணெய் தேய்த்த கையை முகத்தில் தடவிக்கொள்ளும் வழக்கத்தை மட்டும் பாட்டி சொன்னாலும் விட்டுவிடுவது நல்லது.

கிரிக்கெட் தலைக்கவசத்தின் பட்டை அழுத்தும் மோவாய், புத்தகப்பை உரசும் முதுகு ஆகிய இடங்களிலும் பரு மிகும். பட்டையைத் துடைத்து உலர்த்தி வைப்பது எளிய தீர்வு.

உணவின் மீது போடும் பழி

‘உடம்பு சூடு’ என்று தமிழ் வீடுகளிலும், அதே பொருளில் ‘கர்மி’ என்று இந்தி வீடுகளிலும் சொல்லி, மாம்பழத்தின் மேல் பழி போடுவது வழக்கம். மாம்பழக் காலமும் வியர்வைக் காலமும் ஒன்றாகவே வருவதால் எழுந்த பழியாக அது இருக்கலாம். மேலை நாடுகளில் இதே பழியைச் சாக்லேட் சுமந்தது. அதைச் சோதித்த கதை, ஓர் ஆய்வை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கும் நல்ல சான்று.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மருத்துவர் மூவர் பரு உள்ள 65 பேரைத் தேர்ந்தெடுத்தனர். வழக்கத்தைவிடப் பத்து மடங்கு சாக்லேட் கலந்த கட்டி ஒன்றைச் சில வாரங்கள் நாள்தோறும் உண்ணச் செய்தனர். மற்றும் சில வாரங்கள் சாக்லேட்டே இல்லாத, பார்வைக்கு ஒத்த கட்டியை உண்ணச் செய்தனர். இரண்டு காலத்திலும் பருவின் அளவில் வேறுபாடு இல்லை. உணவுக்கும் பருவுக்கும் தொடர்பில்லை என்று பாடநூல்கள் பல ஆண்டுகள் எழுதின. ஆனால் அந்தச் சாக்லேட் இல்லாத கட்டியில் சர்க்கரையும் கொழுப்பும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தன. எனவே அந்தச் சோதனையால் சாக்லேட்டின் கொக்கோவை விடுதலை செய்ய முடிந்ததே தவிர, சர்க்கரையை விடுதலை செய்ய முடியவில்லை.

2002ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு இக்கேள்வியை மீண்டும் எழுப்பியது. பப்புவா நியூ கினியைச் சேர்ந்த கித்தாவா என்னும் தீவில் 1,200 பேரைப் பரிசோதித்தபோது ஒருவருக்கும் பரு காணப்படவில்லை. கிழங்கும் பழமும் மீனும் தேங்காயும் அவர்களின் உணவு. சர்க்கரையும் மாவுப் பண்டங்களும் அங்கு மிக அரிது. அம்மக்களின் மரபுக்கூறும் காரணமாகலாம் என்ற எதிர்வாதம் எழுந்தது. அது நேர்மையான வாதமே. பின்னர் 2007இல் ஆத்திரேலியாவில் 15 முதல் 25 வயதுவரையுள்ள 43 ஆண்களிடம் 12 வாரச் சோதனை நடந்தது. குருதியில் சர்க்கரையை விரைந்து ஏற்றாத உணவை உண்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. பாலுக்கும் பருவுக்கும் தொடர்புண்டு என்று சில ஆய்வுகள் காட்டினாலும் அத்தொடர்பு வலுவானதன்று. வளரும் பிள்ளைகள் பாலை நிறுத்த இது போதிய காரணமாகாது. குளிர்பானம், மைதா பிசுக்கோத்து, இனிப்பு ஆகியவற்றைக் குறைத்துக்கொள்வதால் இழப்பு எதுவுமில்லை, பற்களும் மகிழும். மாம்பழத்தை உண்ணலாம்.

மருந்துக்கடைக் களிம்பு

இனி, முகத்தையே கெடுக்கும் அந்த ஒன்று. கடைக்காரர் எடுத்துத் தரும் களிம்புகளுள் பலவற்றில் ‘ஸ்டீராய்டு’ கலந்திருக்கும். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்பன அவற்றின் பெயர்களுள் சில. கரப்பான் போன்ற நோய்களுக்கு மருத்துவர் அளவறிந்து தரும்போது இவை நல்ல மருந்துகளே. பருவின் மீது பூசினால் முதலில் நடப்பது மயக்கும் வகையில் இருக்கும். மூன்று நான்கு நாள்களில் சிவப்பு தணியும், வீக்கம் வற்றும், நிறமும் சற்று வெளுத்ததுபோல் தோன்றும். ‘கை கண்ட மருந்து’ என்று தோழியர்க்கும் சொல்லி அனுப்பத் தோன்றும்.

சில வாரங்களில் நிலைமை மாறும். தோல் மெலிந்து அதன் கீழுள்ள நுண்குழாய்கள் சிவந்து தெரியத் தொடங்கும். முகத்தில் முடி வளரும். புதிய பருக்கள் கூட்டமாக எழும். அஞ்சிப்போய்க் களிம்பை நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். எரிச்சல் தாளாமல் மறுபடி பூசினால் தணியும். இவ்வாறு தோல் அக்களிம்புக்கு அடிமையாகிவிடுகிறது. இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்நிலைக்கு ‘ஸ்டீராய்டால் கெட்ட முகம்’ என்னும் பொருள்படத் தனிப்பெயரே இட்டுள்ளனர். நாட்டின் 12 மருத்துவ மையங்களில், முகத்தோல் நோய்களுக்காக வந்த 2,926 பேரிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. அவர்களுள் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு களிம்பு பூசிக்கொண்டிருந்தனர்; அதாவது ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். அந்த 433 பேரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவர் அல்லர். அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட தீங்கு என்ன தெரியுமா? பருவேதான்.

இவ்வழக்கத்திற்கு உரமிட்டது வெள்ளை நிறத்தின் மீதுள்ள ஆசை. பெரியவர்களுக்கு வரும் ‘மங்கு’ என்னும் கருமைக்காகக் குறுகிய காலம் மட்டும் பூசவேண்டிய மூன்று மருந்துக் கலவையை, முகம் வெளுக்கும் களிம்பாக ஆண்டுக்கணக்கில் பூசியோர் பலர். கருமையான தோல் நோயுற்ற தோலன்று. அதற்கு மருந்து தேடுவதில்தான் நோய் தொடங்குகிறது. 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை, மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத ‘எச்’ அட்டவணையின்கீழ்க் கொண்டுவந்தது. ஆயினும் கேட்டவுடன் எடுத்துத் தரும் கடைகள் உள்ளன. டியூபின் மேல் ‘ஆர்எக்ஸ்’ என்னும் குறியும் எச்சரிக்கை வாசகமும் இருக்கின்றனவா என்று பார்ப்பதும், மருந்தின் பெயர் ‘சோன்’ என்றோ ‘சால்’ என்றோ முடிந்தால் ஐயுறுவதும், பிள்ளைகளே செய்யக்கூடிய காவல்.

காத்திருக்கும் மருந்துகள்

பருவுக்குச் சரியான மருந்துகள் இல்லாமலில்லை. பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் குறைக்கிறது. அடாப்பலின் அடைப்பு உண்டாவதையே தடுக்கிறது. இவை மெதுவாக வேலை செய்பவை. தோலின் மேலடுக்கு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். எனவே பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம்; 12 வாரங்கள் கழித்துத்தான் ஒரு மருந்தைப் பற்றித் தீர்ப்புக் கூற முடியும். முதல் சில வாரங்களில் தோல் வறண்டு உரிவதும் உண்டு. அப்போதுதான் பலர் மனம் தளர்ந்து, மூன்றே நாளில் முகம் மாறும் என்று சொல்லும் களிம்பின் பக்கம் போய்விடுகின்றனர்.

அடாப்பலின் களிம்பை இரவில், பட்டாணி அளவு மட்டும் எடுத்து, பரு உள்ள பகுதி முழுவதும் மெல்லியதாகத் தடவ வேண்டும். பருவின் தலையில் மட்டும் அப்புவதால் பயனில்லை. அடுத்த பருக்கள் சுற்றியுள்ள தோலுக்குள் ஏற்கெனவே தொடங்கியிருக்கும். பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுத்துவிடும். பள்ளிச் சீருடையின் கழுத்துப்பட்டையும் வண்ணத் தலையணை உறையும் அதற்குத் தப்பா. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளைத் தாமாக வாங்கி உண்டால் பாக்டீரியா அவற்றை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். மிகக் கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்னும் மாத்திரை உண்டு. கருவிலுள்ள குழந்தைக்குப் பெருந்தீங்கு செய்யக்கூடியது என்பதால் அது மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே தரப்படும்.

இந்தியரின் தோலில் பரு ஆறிய பின் கரும்பழுப்புத் தடம் ஒன்று தங்கிவிடுவது பெருவழக்கு. அது தழும்பன்று, பல மாதங்களில் மெல்ல மங்கும். வெயில் அதை இன்னும் கருக்கச் செய்யும். ஆகவே பள்ளிக்குப் புறப்படுமுன் எஸ்.பி.எஃப் 30 அளவுள்ள, ‘நான்-காமெடோஜெனிக்’ என்று குறித்த, அதாவது துளைகளை அடைக்காத வெயில்காப்புக் களிம்பைப் பூசுவது நல்லது. பருவைக் கிள்ளினால் சீழ் வெளியே வருவதுபோல் தெரிந்தாலும் அதில் ஒரு பகுதி உள்ளே ஆழத்திற்குத் தள்ளப்படுகிறது. ஆறக்கூடிய தடம் ஆறாத குழியாவது இவ்வாறுதான்.

வகுப்பறையில் பருவைச் சுட்டிப் பட்டப்பெயர் வைப்போர் உண்டு. மேடையேற மறுப்பது, ஒளிப்படத்திற்கு நிற்காமல் ஒதுங்குவது, பள்ளிக்கே வராமல் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வது என அதன் விளைவுகள் பலவிதம். ‘வயதானால் போய்விடும்’ என்று பெரியவர்கள் சொல்வது ஓரளவு உண்மையே. ஆயினும் அந்த வயது வரும்வரை ஒரு பிள்ளை தலைகுனிந்து நடக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. வலியுள்ள பெரிய கட்டிகள், குழித் தழும்புகள், 12 வாரங்களுக்குப் பின்னும் குறையாத பரு, பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் ஒழுங்கின்மையுடன் முகத்தில் முடி வளர்தல், எல்லாவற்றுக்கும் மேலாகப் பருவினால் வரும் மனச்சோர்வு ஆகியன தோல் மருத்துவரைக் காண்பதற்குப் போதுமான காரணங்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் தோல் நோய்ப் பிரிவு உண்டு.

மருத்துவரிடம் செல்லும் நாளில், அதுவரை பூசிய எல்லாவற்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். ஊரிலிருந்து வந்த பொடி, தோழி தந்த பாதி டியூப், கடைக்காரர் கொடுத்த பெயர் தெரியாத களிம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகிய அனைத்தும் ஒரு பையில் இருந்தால் நலம். களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது தெரிந்தால், அதைத் திடீரென்று நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். கடிந்துகொள்வார்களே என்று அஞ்சி ஒரு டியூபை மட்டும் வீட்டில் ஒளித்துவைத்துவிட்டுப் போகும் பிள்ளைகள் உண்டு. பெரும்பாலும் மருத்துவர் முதலில் பார்க்க விரும்பும் டியூப் அதுவாகவே இருக்கும்.